நீலகிரித் தேயிலையும் ஒட்டாவா உடன்படிக்கையும்

நீலகிரித் தேயிலை இலண்டன் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த காலத்தில், அதன் நலனைத் தொட்ட பேச்சுவார்த்தை ஒன்றில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர்களுள் ஒருவர், மலையடிவாரக் கோயம்புத்தூரின் வணிகக் குடும்பத்தில் 1892-இல் பிறந்து குடும்பத் தொழிலிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். 1932-இல் கனடாவின் ஒட்டாவாவில் உருவான உடன்படிக்கை, பிரிட்டிஷ் பேரரசுக்குட்பட்ட நாடுகளின் சரக்குக்கு அயல்நாட்டுச் சரக்கைவிடக் குறைந்த சுங்கம் விதிக்கும் ‘பேரரசு முன்னுரிமை’ முறையை நிலைநிறுத்தி, இந்தியத் தேயிலைக்கும் அச்சலுகையை உறுதிசெய்தது. எனினும் பிரிட்டிஷ் பொருள்களுக்கு ஈடாகச் சலுகை தரவேண்டியிருந்ததால் தேசியவாதிகள் அதைக் கண்டித்தனர். 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக, அதாவது சமஸ்தானத்தின் தலைமை அமைச்சராக இருந்த அவர், 1944-இல் பன்னாட்டு நாணய நிதியத்துக்கு வித்திட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலும் பங்கேற்றார். 1947 நவம்பர் 26 அன்று விடுதலை இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தவரும் அவரே.