ரயில் தின்ற சத்திரம்

லண்டனில் நானும் மனைவியும் கோட்டை, பாலம், தேவாலயம் என்று காலை முழுக்கச் சுற்றினோம். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது தேம்ஸின் தென்கரையில், சதர்க்கில் இருக்கும் ஜார்ஜ் இன் என்ற பப்.

1676இல் தீயில் எரிந்து மறு ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது. முற்றத்தைப் பார்த்தபடி மேலே மரத் தாழ்வாரங்கள். "தரை ஒரு பக்கமாச் சாயுதுங்க, பார்த்து நடங்க" என்றாள் மனைவி. அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் இந்த முற்றத்துக்குள்தான் வந்து நிற்கும். பயணிகளுக்கு மேலே படுக்கை, கீழே பீர். தெற்கே போகும் சாலை என்பதால் தெரு நெடுக இப்படிச் சத்திரங்கள். பக்கத்திலிருந்த டபார்ட் என்ற சத்திரத்திலிருந்துதான் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தன் கதையின் யாத்ரிகர்களைக் கேன்டர்பரிக்குக் கிளப்பினார். அதையும் 1873இல் இடித்துவிட்டார்கள்.

ரயில் வந்தது, வண்டிக்காரர் பிழைப்பு போயிற்று. கொடுமை என்னவென்றால், ஜார்ஜை வாங்கியதே ஒரு ரயில் கம்பெனி! 1889இல் தெற்குப் பக்கத்தை மட்டும் விட்டு மற்றதை இடித்துத் தள்ளியது. மாடித் தாழ்வாரத்தோடு லண்டனில் மிஞ்சிய வண்டிச் சத்திரம் இது ஒன்றே. 1937 முதல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில் இருக்கிறது.

நாங்கள் போனது பிற்பகலில். முதல் உலகப் போரில், ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துக் கிடக்கக் கூடாதென்று பப்களைப் பிற்பகலில் மூடவைத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு 1988 வரை நீடித்தது; அதற்கு முன் வந்திருந்தால் கதவு சாத்தியிருக்கும்.