மரியோவா, பேக்-மேனா, லாரா கிராஃப்டா? வீடியோ கேம் வரலாற்றையே மாற்றிய கேரக்டர் எது?

2016 ஆகஸ்ட் 21. ரியோ ஒலிம்பிக் நிறைவு விழா. அடுத்த போட்டியை நடத்தப்போகும் டோக்கியோவின் முறை வந்ததும், மரக்கானா மைதானத்தின் நடுவே ஒரு பச்சைக் குழாய் முளைத்தது. அதற்குள்ளிருந்து சிவப்புத் தொப்பியோடு மேலே வந்தவர், அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே. அவர் போட்டிருந்தது மரியோ வேஷம்.

ஒரு நாட்டின் பிரதமர் தன் நாட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்த ஒரு வீடியோ கேம் கேரக்டரைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அந்தக் கேரக்டர் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்?

அப்போ வரலாற்றிலேயே முக்கியமான கேரக்டர் மரியோதானா? அங்கதான் சிக்கல். 2011 கின்னஸ் கேமர்ஸ் எடிஷன் வாக்கெடுப்பில் மரியோ முதலிடம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு நடத்திய கருத்துக்கணிப்பில் லாரா கிராஃப்ட் முதலிடம், மரியோ இரண்டாமிடம். வாக்கெடுப்பு யார் பிரபலம் என்றுதான் சொல்லும். யார் வந்த பிறகு கேம் உலகம் மாறியது என்று பார்த்தால் கதையே வேற. அந்தக் கணக்கில் முதலில் நிற்பது ஒரு மஞ்சள் வட்டம்.

பேக்-மேன்: திரைக்குள் வந்த முதல் 'ஆள்'

1972-ல் வந்த பாங் கேமில் இருந்தது இரண்டு கோடு, ஒரு பந்து. 1978-ன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு பீரங்கி. 1979-ன் ஆஸ்ட்ராய்ட்ஸில் ஒரு விண்கலம். விளையாடுபவர் ஏதோ ஒரு பொருளை ஓட்டிக்கொண்டிருந்தார். பெயரும் முகமும் உள்ள ஆள் என்று சொல்லும்படி பெரிதாக யாரும் இல்லை.

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த டோரு இவாடானிக்கு வேறொரு கவலை. ஆர்கேட் கடைகளில் எங்கு பார்த்தாலும் சுடும் கேம், விளையாட வருவதும் ஆண்கள் மட்டுமே. பெண்களும் ஜோடிகளும் வரவேண்டும் என்றால் என்ன செய்வது? சுடுவதை விட்டுவிட்டு சாப்பிடுவதைக் கையில் எடுத்தார். 1980 மே மாதம் டோக்கியோவில் சோதனைக்கு வந்தது 'பக் மேன்'. அமெரிக்காவுக்குப் போகும்போது பெயர் மாறியது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தை லேசாகச் சுரண்டினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயம்தான் காரணம்!

துரத்தும் நான்கு பேய்களுக்கும் ஆளுக்கொரு புத்தி. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். பிங்க் பேய், பேக்-மேன் போகும் பாதைக்கு முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுத்து நகரும். ஆரஞ்சுப் பேய் பாய்ந்து வரும், கிட்டத்தில் வந்ததும் தன் மூலைக்கே திரும்பிவிடும். எதிரிக்கும் குணம் உண்டு என்று கேம் உலகம் கற்றுக்கொண்டது இங்கேதான். அடுத்து பனியன், பொம்மை, டிவி கார்ட்டூன் என்று பேக்-மேன் ஆர்கேட் கடையை விட்டே வெளியே வந்துவிட்டது.

இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்ததற்கு இவாடானிக்குத் தனியாகப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஒரு மாதச் சம்பள ஊழியர், அவ்வளவுதான்.

மரியோ: மீசை வைத்ததே வாய் வரைய முடியாததால்தான்

1981-ல் நின்டென்டோ நிறுவனம் அமெரிக்காவில் திணறிக்கொண்டிருந்தது. ரேடார் ஸ்கோப் என்ற கேமின் சுமார் 2,000 மெஷின்கள் விற்காமல் கிடங்கில் தூங்கின. அவற்றுக்குள் வேறு கேமை மாற்றி வைக்கும் வேலை இளம் டிசைனர் ஷிகேரு மியாமோட்டோவிடம் வந்தது. அவர் முதலில் கேட்டது பாப்பாய் கேரக்டரை. அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பிறந்ததுதான் டாங்கி காங் கேம். அதில் குதித்துக்கொண்டே இருந்த தச்சருக்குப் பெயர் ஜம்ப்மேன். பின்னாளில் மரியோ.

சில புள்ளிகளுக்குள் ஒரு முழு மனிதனை அடக்க வேண்டும். வாய் வரைய இடமில்லை, மீசை வந்தது. தலைமுடி ஆடுவதைக் காட்ட முடியாது, தொப்பி வந்தது. கை அசைவது தெரியவேண்டும், அதற்காகவே அந்த உடை.

இதற்கிடையே 1983-ல் அமெரிக்காவில் வீட்டு வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது. தரமில்லாத கேம்கள் குவிந்தன, வாங்க ஆளில்லை. சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம் இரண்டே ஆண்டுகளில் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியதாக மதிப்பிடப்படுகிறது. விற்காத கேசட்டுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழிதோண்டிப் புதைத்தது. 2014-ல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள்.

கேம் என்றாலே கடைக்காரர்கள் முகம் சுளித்த அந்த நேரத்தில், 1985-ல் வந்தது சூப்பர் மரியோ பிரதர்ஸ். அதன் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். மரியோ இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் காலி. யாரும் சொல்லாமலே வலப்பக்கம் ஓடுகிறோம். ஒரு எதிரி வருகிறது, மோதினால் காலி. அடுத்த முறை தாண்டுகிறோம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வந்து விழுகிறது. அது குழாயில் மோதி நம் பக்கமே திரும்பி வரும். பயந்து விலக நினைத்தாலும் மேலே உள்ள கற்கள் தடுக்கும். பட்டதும் மரியோ வளர்ந்துவிடுவார். ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் சில நொடிகளில் மொத்தப் பாடமும் முடிந்துவிடும். இன்றைய மொபைல் கேம்கள்கூட இந்த வழியைத்தான் பின்பற்றப் பார்க்கின்றன.

அந்த கேம் 4 கோடிக்கும் மேல் விற்றது. அந்தக் கணக்கில் வராத கேசட்டுகள் எத்தனையோ! 90களில் நம்ம ஊர் வீடுகளில் டிவியோடு இணைத்து விளையாடிய மலிவு விலை மெஷின்களில் பலரும் மரியோவைச் சந்தித்தது அப்படிப்பட்ட நகல்களில்தான்.

தொழிலை மரியோ ஒற்றை ஆளாகக் காப்பாற்றினார் என்பது கொஞ்சம் ஓவர். கடைகளின் பொம்மைப் பிரிவில் இடம்பிடிக்க, கன்சோலோடு ஒரு ரோபோவையும் சேர்த்து விற்றது நின்டென்டோ. ஆனால் வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப விளையாடியது ரோபோவோடு அல்ல.

சோனிக், பிகாச்சு

மரியோவை வீழ்த்துவதற்கென்றே 1991-ல் சேகா நிறுவனம் இறக்கியது சோனிக். நிறம்கூட கம்பெனி லோகோவின் நீலம். சண்டை பத்து வருஷம் ஓடியது. 2001-ல் சேகா கன்சோல் தயாரிப்பையே நிறுத்தியது. 2007-ல் இருவரும் ஒரே கேமில் சேர்ந்து ஒலிம்பிக் ஓடினார்கள்!

1996-ல் வந்த போகிமான் கேமில் பிகாச்சு 151-ல் ஒன்று மட்டுமே. அட்சுகோ நிஷிடா வரைந்த அந்த மஞ்சள் உருவத்தை 1997-ல் டிவி தொடர்தான் ஹீரோவாக்கியது.

லாரா கிராஃப்ட்: வரைந்தவரே வெளியேறினார்

லாராவுக்குப் பத்து வருடம் முன்பே, 1986-ல் மெட்ராய்டு கேமின் நாயகி சேமஸ் வந்துவிட்டார். ஆனால் கவசத்துக்குள் இருப்பது பெண் என்பது, கேமை வேகமாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் காட்டப்பட்ட ரகசியம். 1996-ல் லாராவிடம் ஒளிக்க எதுவும் இல்லை. டூம் ரைடரின் அட்டைப்படமே அவர்தான்.

இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் நிறுவனத்தில் அவரை உருவாக்கியவர் டோபி கார்ட். முதலில் வரைந்தது ஒரு ஆண். இண்டியானா ஜோன்ஸ் சாயல் அதிகம் என்றதால் பெண்ணாக மாறியது. கேம் செம ஹிட். ஆனால் விளம்பரங்கள் லாராவின் துணிச்சலை விட்டுவிட்டு உடலையே விற்றன. அது கார்டுக்குப் பிடிக்கவில்லை. தான் உருவாக்கிய கேரக்டர் மீது தனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்ததும், 1997-ல் வேலையை விட்டார்.

லாரா நிற்கவில்லை. 2001-ல் ஏஞ்சலினா ஜோலி நடிக்க ஹாலிவுட் படம், 2010-ல் டெர்பியில் அவர் பெயரிலேயே ஒரு சாலை. கேமை உருவாக்கும் பொறுப்பு கலிபோர்னியாவின் கிரிஸ்டல் டைனமிக்ஸுக்குக் கைமாறிய பிறகு, 2006-ல் வந்த டூம் ரைடர் லெஜண்டுக்காக லாராவைப் புதிதாக வடிவமைக்க ஒருவரை அழைத்தார்கள். டோபி கார்டைத்தான்.