பெயரில்லாதவளின் வைர மோதிரம்

இ. எம். டெலஃபீல்டின் 'டைரி ஆஃப் எ ப்ராவின்ஷியல் லேடி' நாவலை முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டு மூடி வைத்தவள்தான் நானும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஒரு கிராமத்து மனைவியின் நாட்குறிப்பு அது. அவள் தொட்டியில் பூச்செடிக் கிழங்கு நடுகிறாள். வீட்டுக்கு வரும் பணக்காரச் சீமாட்டி லேடி பாக்ஸ், அதைச் செப்டம்பரிலேயே நட்டிருக்க வேண்டும் என்கிறாள். கணவன் ராபர்ட் 'டைம்ஸ்' நாளிதழைப் பிடித்தபடியே தூங்கிப்போகிறான்.

இரண்டாம் முறை, நாவலில் பணம் போகும் வழியை மட்டும் பின்தொடர்ந்தேன். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துவிட்டதாக வங்கியிலிருந்து கடிதங்கள் வருகின்றன. முந்தைய தலைமுறைப் பெண்ணொருத்தி விட்டுப்போன வைர மோதிரம் அடகுக்கடைக்குப் போகிறது. அது போவது முதல்முறையும் அல்ல. கடைக்காரருக்கு அவள் பழகிய முகம். வரும்போதெல்லாம் வேறு பெயர் கொடுப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். நாவலாசிரியரோ அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. (என் அம்மாவும் அடகுக்கடைக்குப் போனவள்தான். ரசீதில் அப்பாவின் பெயரைப் போடச் சொல்வாள்.)

இந்த நாவல் எங்கே வெளிவந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 'டைம் அண்ட் டைட்' என்ற பெண்ணிய வார இதழில் 1929 இறுதியில் தொடராகத் தொடங்கி, 1930இல் நூலானது. அந்த இதழை 1920இல் தொடங்கிய லேடி ரோண்டா, தந்தையின் பிரபுப் பட்டம் தனக்கு வந்தும், பெண் என்பதால் பிரபுக்கள் சபையில் இடம் மறுக்கப்பட்டவர். டெலஃபீல்டு அவ்விதழின் இயக்குநர்களில் ஒருவர். ராபர்ட்டைப் போலவே அவருடைய கணவரும் பண்ணை நிர்வாகி. எழுதிச் சம்பாதித்தவர் டெலஃபீல்டு.

ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இல்தான் இங்கிலாந்துப் பெண்களுக்குக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய கதையில், வாக்கு உள்ள இந்தப் பெண் கடன்காரர்களுக்குப் பயந்து நாளைக் கழிக்கிறாள். வேலைக்காரப் பெண்கள் மட்டும் இதில் கேலிப்பொருளாகவே நின்றுவிடுகிறார்கள். சமையல்காரி வேலையை விட்டுப் போகிறேன் என்றால் அது எஜமானியின் சங்கடம். அவள் ஏன் போகிறாள் என்பதை நாவல் கேட்பதில்லை. அந்தப் பக்கங்களில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்திருந்தது. ஆனால் குடும்பச் செலவுக்குக் கணவன் தரும் காசில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்தால், அது யாருடையது? பிளாக்வெல் என்ற தம்பதியின் வழக்கு 1943இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. மனைவி கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்து வைத்திருந்த சுமார் 100 பவுண்டு கணவனுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. டெலஃபீல்டு இறந்ததும் அதே ஆண்டில்தான். அந்தச் சேமிப்பில் பாதி மனைவிக்கு என்று சட்டம் மாறியது 1964இல்.