ஆறு பேரும் இருபது வழிகளும்

ரமணாசிரமத்துக்கு வந்த ஆறு நண்பர்களில் மூவர் கிரிவலம் போக, மற்ற மூவர் மலையேறி ஸ்கந்தாசிரமம் செல்வதாகக் கொள்வோம். யார் எந்தப் பக்கம் என்பதை எத்தனை விதமாகத் தீர்மானிக்கலாம்?

இதற்கான பொது விதியை 9ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தவர் மகாவீராசாரியர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துச் சமணக் கணிதர். அவரது 'கணித சார சங்கிரகம்' கூறும் முறை எளியது. ஆறிலிருந்து இறங்குமுகமாக மூன்று எண்களைப் பெருக்கினால் 120 (6×5×4). ஒன்றிலிருந்து ஏறுமுகமாக மூன்று எண்களைப் பெருக்கினால் 6 (1×2×3). முன்னதைப் பின்னதால் வகுக்க, விடை 20. ஏன் வகுக்க வேண்டும்? அதே மூவரை வரிசை மாற்றி ஆறு முறை எண்ணியிருக்கிறோம். குழுவில் சேர்ந்தபின் முன்னவர், பின்னவர் என்ற பேதம் இல்லை. இரு குழுக்களும் ஒரே வழியில் செல்வதானால், குழுக்களுக்கிடையிலும் பேதமற்றுப்போய், 20 என்பது 10 ஆகிவிடும்.

சமணருக்கு இக்கணக்கில் ஏன் இத்தனை நாட்டம்? அவர்களது ஆகமமான பகவதி சூத்திரம் பொருள்களை ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாகச் சேர்த்தெண்ணுகிறது. ஆண், பெண், மூன்றாம் பாலினர் என்ற பகுப்புகளும் அவ்வாறே எண்ணப்படுகின்றன. அவர்களது தருக்கத்தின் ஆணிவேரான சப்தபங்கியும் இத்தகையதே. உண்டு, இல்லை, சொல்லொணாதது என மூன்று கூற்றுகள். தனித்தனியே மூன்று, இரண்டிரண்டாக மூன்று, மூன்றும் சேர்ந்து ஒன்று, ஆக ஏழு. எட்டாவதற்கு இடமில்லை. எந்தத் தரப்பும் விடுபடவில்லை என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி.

அச்சமணம் திருவண்ணாமலைக்கு அந்நியமன்று. இதே மாவட்டத்தில், போளூரை அடுத்த திருமலையில் குந்தவை பெயரால் அமைந்த ஜினாலயம் உள்ளது. அங்குள்ள இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டை, அவனது கங்கைப் படையெடுப்புக்கான சான்றாகவே நாம் அறிவோம். உண்மையில் அது வணிகர் ஒருவரின் மனைவி அக்கோயிலின் விளக்குக்கும் அமுதுக்கும் அளித்த கொடையைப் பதிந்த சாசனம்.

மகாவீராசாரியரின் நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார்; அச்சேறியதும் சென்னையில்தான். பாஸ்கலின் முக்கோண நூல் 1665இல் வெளியானது என்று நம் மாணவர்கள் அறிகிறார்கள். அதற்கு எட்டு நூற்றாண்டு முந்திய விதியை அறிவதில்லை. சிந்தாமணியையும் நீலகேசியையும் இலக்கியமென்று போற்றும் நாம், அவற்றை ஈன்ற மரபின் கணிதத்தைக் கணித ஆசிரியருக்கே விட்டுவிட்டோம். சமணத்தைக் குழு பிரித்துப் படித்ததில் நேர்ந்த இழப்பு இது.