லயமும் வீடும்

வெளிநாடுகளில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு 'ஹவுசிங் எஸ்டேட்' என்றால் தெருப்பெயரும் வீட்டிலக்கமும் கொண்ட புறநகர்க் குடியிருப்பு நினைவுக்கு வரும். இலங்கையின் மலையகத்தில் எஸ்டேட் என்றால் தோட்டம். தோட்டத்தில் குடியிருப்பு என்றால் லயம். மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த இரத்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டக் குடியிருப்புகளின் வரலாறு, இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தூரத்தின் வரலாறுதான்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலை வந்தது. மாத்தளைப் பகுதியில் இறப்பர், கொக்கோ, மிளகு, ஏலம் ஆகியனவும் பயிராயின. பயிர்கள் மாறின, லயம் அப்படியே நின்றது.

ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பரா, முன்னால் சிறிய இஸ்தோப்பு. இதுவே ஒரு குடும்பத்தின் உலகம். தண்ணீருக்குப் பீலி. விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் திரட்டும் வசதிக்காகக் கட்டப்பட்ட வரிசை அது. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். அந்த நெருக்கத்திலும் மாரியம்மன் திருவிழாவையும் காமன் கூத்தையும் மக்கள் பேணி வளர்த்தார்கள். அது மக்களின் பெருமை, லயத்தின் பெருமையன்று.

தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் காம்பரா. வேலை போனால் கூரையும் போகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியது. தோட்டத்துக்கு எசமானர்கள் மாறி மாறி வந்தார்கள். குடியிருந்தவனுக்கு மட்டும் காணி உரிமை வரவில்லை.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. அது திருத்தப்பட்டது 2018இல்தான். கடிதங்கள்கூட நெடுங்காலம் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்தன. 2015ஆம் ஆண்டிலிருந்து 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல தொடக்கம் அது. ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் கட்டி முடிந்த வீடுகள் மிகக் குறைவு.

மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த அதே வழியில் ஒரு நடைபவனி 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. அதே ஆகஸ்ட் மாதத்தில், அதே மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவைப் பகுதியிலுள்ள ரத்வத்தை தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்களின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்து அகற்றிய காட்சியை நாடே பார்த்தது.

பத்திரிகைகளில் இதை ஓர் அதிகாரியின் அத்துமீறலாக எழுதினோம். நான் அதற்கும் அப்பால் பார்க்கிறேன். கையில் உறுதிப்பத்திரம் இருக்கும் வீட்டின் வாசலில் எந்த அதிகாரியும் அப்படிக் கைவைக்கத் துணியமாட்டார். எனவே மலையகத்தின் வீட்டுப் பிரச்சினை என்பது முதலில் காணிப் பிரச்சினை; கல்லும் சீமெந்தும் அதற்குப் பிறகுதான்.