நாயும் ஆடும் நாடாப்புழுவும்
ஐஸ்லாந்து தரும் படிப்பினை

வயிற்றிலே புழு உண்டானால் அது உடம்பின் அழுக்கிலிருந்து தானாகவே பிறந்தது என்றும், அதனால் வரும் துன்பம் தலைவிதி என்றும் எண்ணியிருப்பது பாமரர் வழக்கமென்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பியப் பண்டிதர் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் எவ்வாறு வீழ்ந்தது என்பதையும், அதனால் ஓர் ஏழை நாடு எவ்வாறு பிழைத்தது என்பதையும் ஈண்டு எடுத்துரைப்போம்.

நாடாப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. தலையிலுள்ள உறிஞ்சிகளாலும், சில இனங்களில் கொக்கிகளாலும், அது குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, நாம் செரித்த உணவைத் தன் தோலாலேயே உறிஞ்சி வாழும். அதன் உடல் கண்ணி கண்ணியாக நீளும். முதிர்ந்த கண்ணிகளில் முட்டைகள் நிறைந்திருக்கும். இம்முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் நீரிலும் கலந்து, பன்றி, மாடு, ஆடு முதலியவற்றின் வயிற்றை அடைகின்றன. அங்கே குஞ்சு வெளிப்பட்டுத் தசையிலோ ஈரலிலோ நீர்க்கொப்புளமாய்த் தங்குகிறது. அக்கொப்புளத்தைத் தின்ற மனிதனிடமோ நாயிடமோதான் அது முழுப்புழுவாகிறது. ஆகவே ஒரு புழுவுக்கு இரண்டு வீடுகள் வேண்டும்.

பன்றி இறைச்சியில் கொப்புளங்களைக் கசாப்புக்காரர் நெடுங்காலமாகக் கண்டிருந்தனர். ஆனால் அதுவே மனிதனின் நாடாப்புழுவாகிறதென்பதை நிரூபித்தவர் இலர். ஜெர்மன் வைத்தியர் கூகன்மைஸ்டர் 1855ஆம் ஆண்டில், மரண தண்டனை பெற்ற ஒரு கைதிக்கு அவனறியாமல் உணவில் அக்கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் உடலைச் சோதிக்க, குடலிலே இளம் நாடாப்புழுக்கள் ஒட்டியிருந்தன. உண்மை வெளிப்பட்டது. ஆயினும், சாகப்போகிறவன்தானே என்று ஒருவனை அவன் சம்மதமின்றிச் சோதனைப் பொருளாக்கியதை நாம் பாராட்ட இயலாது. அறிவு பெரிது, அதனினும் மனிதன் பெரியவன்.

அதே காலத்தில் சீபோல்ட் என்னும் மற்றொரு ஜெர்மன் அறிஞர், ஆட்டின் நீர்க்கட்டிகளை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் குடலில் மிகச் சிறிய நாடாப்புழுக்கள் வளர்ந்ததைக் கண்டார். இதன் நீளம் சில மில்லிமீட்டரே. அளவில் அற்பமான இப்புழுவே ஐஸ்லாந்து மக்களை வாட்டிய பெரும்பகை.

வட அட்லாண்டிக் கடலிலுள்ள அத்தீவு அக்காலத்தில் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்தது. மக்கட்டொகை 70,000க்கும் குறைவு. ஆடு வளர்ப்பதே பலரது பிழைப்பு. மந்தையைக் காக்க வீடுதோறும் நாய் உண்டு. ஆட்டை வீட்டிலேயே அறுத்து, கட்டி நிறைந்த ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவர். நாயின் மலத்திலுள்ள முட்டைகள் புல்லில் படிந்து மீண்டும் ஆட்டை அடையும். அதே நாய் வீட்டாருடன் ஓரறையில் கிடக்கும். உண்ட பாத்திரத்தையும் குழந்தையின் முகத்தையும் நக்கும். இவ்வாறு முட்டை மனிதன் வாய்க்குட் சென்று, ஈரலில் கட்டியாகி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, சிலரிடம் குழந்தையின் தலையளவு பெருக்கும். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. 1860களில் நாலைந்து பேருக்கு ஒருவரிடம் இந்நோய் இருந்திருக்கலாமென்று பிற்கால ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர்.

1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்னும் விஞ்ஞானி அங்கே சென்று, 100 நாய்களை அறுத்துச் சோதித்தார். 28இல் இப்புழு இருந்தது. அவர் அதனை அறிஞர் சபையில் மட்டும் வாசித்துவிட்டு ஓய்ந்தாரில்லை. நோயின் காரணத்தையும் தடுக்கும் வழியையும் விளக்கிய அவரது சிறுநூல், 1864இல் ஐஸ்லாந்து மொழியிலேயே அச்சாகி வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி, நாயைப் பாத்திரத்தில் வாய் வைக்க விடாதே, கையைக் கழுவு. சாரம் இவ்வளவே.

ஐஸ்லாந்தினர் ஏழைகளாயினும் எழுத்தறிந்தவர். நீண்ட பனிக்கால இரவுகளில் ஒருவர் நூலை உரக்க வாசிக்க, மற்றவர் கம்பளி நூற்றுக்கொண்டே கேட்பது அவர்கள் குடும்ப வழக்கம். வாசித்தது வழக்கமாயிற்று, வழக்கம் சட்டத்துக்குத் துணையாயிற்று. 1869இல் நாய் வளர்ப்பைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1890இல் நாய்களுக்குப் புழுமருந்து கொடுக்கும் கட்டாயமும் வந்தன. 1924இல் தலைநகர் ரெய்க்யாவிக்கில் நாய் வளர்ப்பதே தடுக்கப்பட்டது. அத்தடை 1984 வரை நின்றது. வீட்டுக்குவீடு ஆடறுப்பது குறைந்து கசாப்புக்கூடங்கள் ஏற்பட்டதும் உதவிற்று. இருபதாம் நூற்றாண்டில் பிறந்தோரிடம் இந்நோய் மிக அருகிற்று. இறுதியில் ஆடுகளிடமிருந்தும் மறைந்தது. புழுமருந்துகள் இன்றுபோல் வலிமை பெறாத அக்காலத்திலேயே இவ்வெற்றியின் பெரும்பகுதி கிட்டியது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

தோட்டத்துக் கிராணி வேலையிலிருக்கும் நமக்கு இவ்வரலாறு ஒன்றை உறுத்திக் காட்டுகிறது. சுகாதார அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தால், சுவரில் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கோப்பிலே சேர்த்துவிட்டு, கடமை முடிந்ததென்று நாமும் இருந்ததுண்டு. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்கு அது விளங்கிற்று. அதற்குக் கீழே நின்று பால் வாளியை இறக்கி வைத்தவருக்கு விளங்கிற்றா என்று நாம் கேட்கவில்லை. கிராபே தாம் அறிந்ததைத் தம் மொழியிலேயே வைத்திருந்தால், ஐஸ்லாந்தின் நாய்கள் இன்னும் பல்லாண்டு அந்த ஈரலைத் தின்றிருக்கும்.

நோய்க்குக் காரணம் விதியன்று, அறியாமை என்று மேடையிற் பேசுவது எளிது. அறிந்தவர் தம்மிடமுள்ளதை அறியாதவர் மொழியில், அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதே சீர்திருத்தம். அடுத்த அறிவிப்பு வரும்போது, ஒட்டுமுன் அதைத் தமிழில் உரக்க வாசிப்பதென்று நாம் உறுதி கொண்டுள்ளோம்.