மூன்று கழிப்பறைகளும் முப்பது டொலரும்

போன வருடம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகக் குழு எனக்கு ஒரு வேலை தந்தது. மாநில அரசின் மானியம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "நீர் இங்க படிச்ச பிள்ளை, உமக்கு இங்கிலிஷ் சுகமா வரும்" என்றார் தலைவர் மாமா. இரவு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான் கேள்விகளை வாசித்துக்கொண்டிருக்க, அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"எங்கட பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்க அரசாங்கத்திட்டைக் கையேந்த வேணுமே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, ஏன் தருகிறார்கள், எப்போதிருந்து தருகிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உங்களில் பலரும் யோசித்திருக்க மாட்டீர்கள். தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, முதியோர் சங்கத்தின் யோகா வகுப்பு என்று பலவற்றின் துண்டுப்பிரசுரத்திலும் கீழே ஓர் அரசுச் சின்னம் இருக்கும். நாம் அதைக் கவனிப்பதில்லை. அந்தச் சின்னம் அங்கே வந்து சேர நூறு வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசு நின்ற காலம்

அவுஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தது 1901இல். அதற்கு முன்னரே பாடசாலைகள் அந்தந்தக் குடியேற்றங்களின் பொறுப்பில் இருந்தன. ஆரம்பத்தில் தேவாலயங்கள் நடத்திய பாடசாலைகளுக்கும் அரசுப் பணம் கிடைத்தது. 1872இல் விக்டோரியா ஒரு புதிய கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கல்வி இலவசம், கட்டாயம், மதச்சார்பற்றது என்பவை அதன் மூன்று தூண்கள். 1880இல் நியூ சவுத் வேல்ஸும் அதே வழியில் சென்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடசாலை கிடைத்தது பெரிய விடயம். ஆனால் அதோடு தேவாலயப் பாடசாலைகளுக்கான உதவி நின்றுபோனது.

பெரும்பாலும் ஐரிஷ் வம்சாவளியினரான கத்தோலிக்கர்கள் தங்கள் பாடசாலைகளை மூடவில்லை. கன்னியாஸ்திரிகளும் துறவிகளும் ஏறக்குறையச் சம்பளமே இல்லாமல் படிப்பித்தார்கள். பெற்றோர் கேக் விற்றும் சீட்டிழுத்தும் கட்டடம் கட்டினார்கள். "நாங்களும் எல்லாரையும் போல வரி கட்டுகிறோம். எங்கள் பிள்ளைகளின் பங்கு எங்கே?" என்ற கேள்வி எண்பது வருடங்கள் தொடர்ந்து கேட்கப்பட்டது.

வேறு மொழி பேசியவர்களின் நிலை இன்னும் மோசம். தென் அவுஸ்திரேலியாவில் 1838 முதல் ஜேர்மன் லூத்தரன் குடும்பங்கள் குடியேறின. ஊர் ஊராகப் பாடசாலை வைத்து ஜேர்மனும் ஆங்கிலமும் படிப்பித்தார்கள். முதலாம் உலகப் போர் வந்தது. 1917இல் மாநில அரசு 49 லூத்தரன் பாடசாலைகளை ஒரேயடியாக மூடியது. அதே வருடம் சட்டம் போட்டு 69 ஜேர்மன் ஊர்ப் பெயர்களை மாற்றவும் முடிவெடுத்தது. அந்தக் காலத்தில் இன்னொரு மொழியைப் படிப்பிக்கிறோம் என்று அரசிடம் போய்ப் பணம் கேட்பதை யாராலும் கற்பனைகூடச் செய்ய முடிந்திருக்காது.

கோல்பேர்ன் ஊரின் ஒரு வாரம்

திருப்பம் ஒரு கழிப்பறைப் பிரச்சினையில் தொடங்கியது. சிரிக்க வேண்டாம், உண்மை.

சிட்னிக்கும் கன்பராவுக்கும் இடையில் கோல்பேர்ன் என்ற ஊர் இருக்கிறது. 1962இல் அங்கிருந்த ஒரு சிறிய கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை, சுகாதார விதிப்படி இன்னும் மூன்று கழிப்பறைகள் கட்ட வேண்டும் என்று மாநில அரசு சொன்னது. பாடசாலையிடம் பணம் இல்லை. உதவி தர அரசுக்கு விருப்பம் இல்லை. ஊர் கத்தோலிக்கப் பெற்றோர் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: எங்கள் பாடசாலைகள் எல்லாவற்றையும் மூடுவோம், பிள்ளைகளை அரசுப் பாடசாலைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஏறக்குறைய 2000 கத்தோலிக்கப் பிள்ளைகள் இடம் தேடி நின்றார்கள். அரசுப் பாடசாலைகளால் 640 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. மற்றவர்களுக்கு மேசையும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கத்தோலிக்கப் பாடசாலைகள் அரசின் தோளிலிருந்து எவ்வளவு சுமையை இறக்கி வைத்திருந்தன என்பதை நாடு முழுவதும் கண்ணால் பார்த்தது. ஒரு வாரத்தில் போராட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள். உடனே ஒரு சதம்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அடுத்த வருடத் தேர்தலில் பிரதமர் ரொபேர்ட் மென்சிஸ், அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் பாடசாலைகளின் விஞ்ஞான வசதிக்கு வருடம் 50 இலட்சம் பவுண் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். 1964இல் அது சட்டமானது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின்படி பாடசாலைகள் மாநிலங்களின் பொறுப்பு. ஆனால் 96ஆவது பிரிவு, மத்திய அரசு தான் விரும்பும் நிபந்தனைகளோடு மாநிலங்களுக்குப் பணம் தரலாம் என்கிறது. கன்பரா மாநிலத்துக்குக் கொடுக்கும், மாநிலம் பாடசாலைக்குக் கொடுக்கும். அந்த வாய்க்கால் வழியாகத்தான் காசு ஓடத் தொடங்கியது.

எதிர்ப்பும் இருந்தது. பொதுப் பணம் பொதுப் பாடசாலைகளுக்கே போக வேண்டும் என்று சொன்னவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 1981இல் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவர்களுடைய வழக்கு தள்ளுபடியானது. அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமான கேள்விதான். இன்றும் அந்த விவாதம் ஓயவில்லை.

சனிக்கிழமைப் பாடசாலைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கர்களும் இத்தாலியர்களும் இலட்சக்கணக்கில் வந்தார்கள். அரசு அவர்களிடம் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: சீக்கிரம் எங்களைப் போல ஆகிவிடுங்கள். அவர்களோ வேலை முடிந்த மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் தேவாலய மண்டபங்களில் பிள்ளைகளைக் கூட்டித் தங்கள் மொழியைப் படிப்பித்தார்கள். எல்லாம் கைக்காசு.

1973இல் வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையின் கடைசி எச்சங்களை விட்லம் அரசு நீக்கியது. 1975இல் மெடிபாங்க் என்ற பொதுச் சுகாதாரத் திட்டம் வந்தது. இன்றைய மெடிகெயாரின் மூத்த சகோதரம் அது. அதை ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு எப்படி விளக்குவது? சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இரண்டு சிறு வானொலி நிலையங்களைத் தொடங்கி, பல மொழிகளில் சொன்னார்கள். சில மாதங்களுக்கு என்று தொடங்கிய அந்த ஏற்பாட்டை மக்கள் விடவில்லை. அதிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்.பி.எஸ்.

1978இல் வழக்கறிஞர் பிராங்க் கல்பலி தலைமையிலான குழு, புதிதாக வந்தவர்களுக்கான சேவைகள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு சமூகமும் தன் பண்பாட்டைக் காப்பது நாட்டுக்குக் கேடல்ல என்றும், சமூக அமைப்புகளுக்கே நேரடியாக நிதி கொடுத்தால் வேலை நன்றாக நடக்கும் என்றும் அது சொன்னது. ஃபிரேசர் அரசு ஏற்றுக்கொண்டது. 1981இல், அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே வருடம், சமூக மொழிப் பாடசாலைகளுக்கு ஒரு மாணவருக்கு வருடம் 30 டொலர் என்ற கணக்கில் மானியம் தொடங்கியது.

முப்பது டொலர் பெரிய காசல்ல. ஆனால் 1917ஐ நினைத்துப் பாருங்கள். வேறு மொழி படிப்பித்ததற்காகப் பாடசாலையை மூடிய நாடு, 64 வருடங்களில் அதே வேலைக்குத் தலைக்கணக்கில் பணம் கொடுக்க வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து 1983 ஜூலை. எங்கள் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். அவர்கள் தமிழ்ப் பாடசாலை தொடங்கியபோது கிரேக்கர்களும் இத்தாலியர்களும் வெட்டிய பாதை கண்முன்னே இருந்தது. 1990களில் அந்தப் பொறுப்பு படிப்படியாக மாநிலக் கல்வித் திணைக்களங்களின் கைக்கு வந்தது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் இன்றும் தலைக்கணக்கு முறைதான். 2021 குடிசனக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95,000 பேருக்கு மேல். அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் எழுதும் பதிலும் ஒரு விண்ணப்பத்துக்குச் சான்றாகப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

சிகரெட் வரியில் விளையாட்டு

சுகாதாரத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 1980களில் விளையாட்டு மைதானங்களைச் சுற்றி சிகரெட் விளம்பரம்தான். கழகங்கள் அந்தப் பணத்தில் வாழ்ந்தன. விக்டோரிய அரசு 1987இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: புகையிலை மீது ஒரு வரி, அந்த வரியில் விக்ஹெல்த் என்ற நிறுவனம், சிகரெட் நிறுவனங்களின் இடத்தில் அது கழகங்களுக்கு நிதி கொடுக்கும். இப்படி அமைந்ததில் உலகிலேயே அதுதான் முதலாவது. புகையிலைப் பணத்தால் நின்ற பலகைகளில் புகைப்பதை விடச் சொல்லும் வாசகங்கள் வந்தன.

அதே 1987இல் மெல்பேர்ணிலும் 1988இல் சிட்னியிலும் சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பி வந்தவர்களுக்கான உளவள சேவைகள் தொடங்கப்பட்டன. எங்கள் ஆட்களும் அங்கே போயிருக்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அப்படி ஓர் இடம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்றாவது ஒருநாள் யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டி வரலாம்.

கொடுக்கும் கை

மானியம் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் கைக்கு ஒரு கணக்கு இருக்கும். ஆட்சி மாறினால் திட்டம் மாறும். ஒரு வருடம் "இளைஞர் மனநலம்" என்று கேட்பார்கள், அடுத்த வருடம் வேறொன்று. காசுக்காக நம் தேவையை வளைத்தால் வேலை கெட்டுவிடும். படிவங்கள் ஆங்கிலத்தில், அதுவும் அதிகாரிகளின் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் தேவை அதிகம் உள்ள புதிய சமூகங்களை விட, எழுதத் தெரிந்த பழைய சமூகங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது.

இதெல்லாவற்றையும் வாசித்த பிறகு அப்பாவிடம் போனேன். என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. "அப்பப்பா வாத்தியாராய் இருந்த பள்ளிக்கூடத்தில ஆர் சம்பளம் குடுத்தது?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். யாழ்ப்பாணத்தில் அது ஒரு சைவப் பாடசாலை. 1960 வரை "உதவி நன்கொடை பெறும் பாடசாலை". அதாவது, நிர்வாகம் ஊராருடையது, வாத்தியாரின் சம்பளம் அரச நன்கொடை. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய பாடசாலைகூட பிடியரிசி சேர்த்து நடந்ததுதான். மிஷன் பாடசாலைகளுக்குக் கிடைத்த அரச நன்கொடை அதற்கும் கிடைக்க இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. பிறகு 1960இல் வந்த சட்டத்தோடு, கொடுத்த கையே பெரும்பாலான பாடசாலைகளின் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது.

"அப்ப நானும் அந்தக் காசில வளர்ந்தவன்தான்" என்றார் அப்பா. பிறகு, "அந்த நாளையில பிடியரிசியும் சேர்த்தவை, அதை மறக்காதை" என்றார்.

இரண்டும் சரி. அரசுப் பணம் வரும், போகும். பிடியரிசி சேர்த்த கைகள் இருந்தால்தான் அது போன பிறகும் பாடசாலை நிற்கும்.

அன்றிரவு அப்பா எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். இந்தத் திட்டத்தால் யாருக்குப் பயன், எத்தனை பேர், பயன் கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள், எவ்வளவு செலவு, காசு முடிந்த பிறகு எப்படித் தொடர்வீர்கள் என்று ஐந்து கேள்விகள். விலைமதிப்புகளைக் குழுவிடமிருந்து எடுத்துத் தருவதாக அப்பா சொன்னார். பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்க்கச் சொன்னார், வருட முடிவில் கணக்குக் காட்ட வேண்டுமே.

உங்கள் ஊரிலும் ஒரு தமிழ்ப் பாடசாலையோ, முதியோர் சங்கமோ, நடன வகுப்போ இருக்கும். அங்கே யாரோ ஒரு மாமா அல்லது மாமி இந்தப் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பார். அடுத்த சனிக்கிழமை போய்க் கேட்டுப் பாருங்கள். கோல்பேர்ன் பெற்றோர் அதற்காக ஊரையே நிறுத்தினார்கள். நமக்குத் தேவைப்படுவது ஓர் இரவும் ஒரு மடிக்கணினியும்தான்.